இருபத்துநாலு இட்லியும் ஒரு மலையும்!

மூலக்கொத்தளத்துக்காரர்களுக்கு மலை என்றால் எது தெரியுமோ? பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்! மீன்பாடி வண்டிக்காரர் சீட்டை விட்டு எழுந்து, உடம்பு மொத்தத்தையும் பெடலில் போட்டு அதில் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு மேல் ஓர் ஏற்றம் உலகத்தில் இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

இருக்கிறது சார். மேட்டுப்பாளையத்தில் ஆரம்பிக்கிறது!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நாங்கள் ஒன்பது பேர். ஞாயிறு காலைகளில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி எண்ணூர் வரை சைக்கிள் விடுகிற கோஷ்டி. கோஷ்டியாக ஓட்டுவதில் ஒரு ரகசியம் உண்டு. முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவர் சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்கு, நல்ல வேகத்தில், கால்வாசி உழைப்பு மிச்சம். முறை வைத்து முன்னுக்கு வந்தால் போதும். கிட்டத்தட்ட கூட்டுறவு சங்கம்!

எங்களில் மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். எல்லோருக்கும் 'அண்ணாத்தே'. எண்ணூர் ரோட்டில் அவர் பின்தங்கி நான் பார்த்ததில்லை.

ஒரு ஜனவரி மாதம், நீலகிரி எக்ஸ்பிரஸில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். திட்டம் இதுதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி, அங்கிருந்து தொட்டபெட்டா தோளைத் தாண்டி ஊட்டி, குன்னூர் வழியாக இறக்கம். ஒரே நாளில் 110 கிலோமீட்டருக்கு மேல்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கோத்தகிரி 33 கிலோமீட்டர். 'ஜுஜுபி' என்றான் எங்கள் கடைக்குட்டி, திருவொற்றியூர்த் தம்பி.

பி.காம். படித்தவன் பழக்கதோஷம், நான் கணக்குப் போட்டேன். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம். கோத்தகிரி 1,800. ஆளும் சைக்கிளும் சேர்த்து 85 கிலோ. இதை 1,500 மீட்டர் மேலே தூக்கவேண்டும். உடம்பு எரிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போய்ச் சேரும். மீதி வியர்வையும் சூடும். ஆகமொத்தம் சுமார் 1,200 கலோரி. ஓர் இட்லிக்கு ஐம்பது என்று வைத்தால் இருபத்துநாலு இட்லி. நான் சாப்பிட்டிருந்தது நாலு!

1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயிலே கல்லாறுக்கு மேல் பல்சக்கரம் போட்டுத்தான் ஏறுகிறது. நாம் எம்மாத்திரம்?

நமக்கும் பல்சக்கரம் இருக்கிறது. சாதா சைக்கிளில் பெடல் ஒரு சுற்று சுற்றினால், பின்சக்கரம் சுமார் இரண்டரைச் சுற்று ஓடும். சமதரையில் அது லாபம், மலையில் நஷ்டம். கியர் சைக்கிளில் முன்னால் சின்னது, பின்னால் பெரியது என்று மாற்றிவிட்டால் சுற்றுக்குச் சுற்று. பளு குறையும், நேரம் நீளும். அதாவது, கியர் கடனைத் தள்ளுபடி செய்யாது. தவணையை நீட்டிக் கொடுக்கும்!

அந்தச் சலுகைகூட இல்லாமல் ஏறியவர்கள் உண்டு. 1910-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை முதல்முறையாக பிரனீஸ் மலையின் உயரக் கணவாய்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். 2,115 மீட்டர் டூர்மலே கணவாயை முதலில் கடந்த ஆக்டேவ் லபீஸ், வழியில் பந்தய அதிகாரிகளைப் பார்த்து 'கொலைகாரர்களா!' என்று கத்தினாராம். ஓடும்போதே செயினை மாற்றும் கியருக்கு அந்தப் பந்தயத்தில் அனுமதி கிடைத்தது 1937-ல்தான். (அத்தனை திட்டிவிட்டு, அந்த வருஷம் ஜெயித்தவரும் லபீஸேதான்!)

மலையில்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் கிழிப்பதற்குக் காற்றே இல்லை. முன்னால் போகிறவரால் பின்னால் வருகிறவருக்கு ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. எண்ணூர் ரோட்டில் அண்ணாத்தேயைச் சுமந்த எங்கள் கூட்டுறவு சங்கம், முதல் வளைவிலேயே கலைந்துபோனது. அவரவர் எடை, அவரவர் மூச்சு.

திருவொற்றியூர்த் தம்பி பத்தரைக்கே கோத்தகிரியில் இருந்தான். நான் பதினொன்று. அண்ணாத்தே வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். முகத்தில் ரத்தமே இல்லை. டீயைப் பிடித்த கை நடுங்கியது.

"நீங்க போங்கப்பா. நான் பஸ்ல போட்டுக்கினு கீழ வந்துர்றேன். என்னால உங்க ஊட்டி கெட வேணாம்" என்றார்.

யாரும் பேசவில்லை. ஆசை இருந்ததே! தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரத்தின் பக்கத்தில் மிதித்துவிட்டு ஊர் திரும்பினால் சும்மாவா? ஆனால் ஊட்டி போய்த் திரும்பினால் இறக்கம் இருட்டில்தான். ஜனவரி மாதத்தில் ஆறேகாலுக்கெல்லாம் அங்கே சாயங்காலம் முடிந்துவிடும்.

கடைசியில் வாயைத் திறந்தது கடைக்குட்டிதான். "இன்னா அண்ணாத்தே, ஊட்டி எங்க ஓடிப்புடப் போவுது? குன்னூர் ரோட்ல எல்லாரும் ஒண்ணா எறங்கலாம்." சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவன்தான் ஊட்டிக்காக ஆறு மாசம் பிராக்டீஸ் செய்தவன்.

கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு நேர் ரோடு உண்டு. சுமார் இருபது கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து, அண்ணாத்தே கை நடுக்கம் நின்றபிறகு, அவரை நடுவில் விட்டு ஓட்டினோம். குன்னூரிலிருந்து பர்லியாறு வழியாக இறக்கம். போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே ஒன்பது பேரும் மேட்டுப்பாளையத்தில் இருந்தோம்.

ஏற்றத்தில் யாரையும் யாரும் சுமக்க முடியாது. காத்திருக்கத்தான் முடியும். சமதரையில் நாம் செய்கிற உதவி பாதி காற்றின் தயவு. மலையில் செய்வது முழுக்க நம் கைக்காசு.

தொட்டபெட்டா 2,637 மீட்டரில் அப்படியேதான் நிற்கிறது. வரவேண்டிய பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாத்தே இப்போது தினமும் காலையில் பேசின் பிரிட்ஜ் மேம்பாலத்தில் பத்து தடவை ஏறி இறங்குகிறாராம்.

இட்லிக் கணக்கு மட்டும் அவர் வீட்டில் உதைக்கிறது!