கை மாறாமல் போன வித்தை

1961 ஜூன் 17 அன்று பெங்களூருவில் எச்.எஃப்-24 மாருத் என்ற ஜெட் போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். இந்தியாவில் அடிமுதல் வடிவமைத்த அடுத்த போர் விமானம் அதே நகரில் தரையை விட்டு எழுந்தது 2001 ஜனவரி 4 அன்று. பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற விமானம் அது. நடுவில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தத் தாமதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பணம், எஞ்சின், வெளிநாட்டுத் தடை என்ற காரணங்களே முன்னால் வருகின்றன. வேலை தெரிந்த ஒரு தலைமுறை, அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் வீட்டுக்குப் போனது என்ற காரணம் அரிதாகவே காதில் விழுகிறது. ஒரு தலைமுறையின் தொழிலறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், இருவர் கையிலும் ஒரே நேரத்தில் ஒரே வேலை இருந்தாக வேண்டும். வேலை அறுந்தால் அறிவும் அங்கேயே அறுந்துபோகும். பெங்களூருவின் விமானத் தொழில் இதற்கு இரண்டு பக்கத்திலும் சாட்சி வைத்திருக்கிறது.

மாருத் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிராண்டில் என்ற பெரும் அறிஞரிடம் படித்துவிட்டு வந்த வி.எம்.காட்கே, பெங்களூருவின் விமான உற்பத்தி நிறுவனமான எச்.ஏ.எல்.லின் வடிவமைப்புப் பிரிவைக் கட்டியெழுப்பினார். அந்தப் பிரிவு உருவாக்கிய எச்.டி-2 பயிற்சி விமானம் 1951-இல் பறந்தது. 1956-இல் மாருத்தை வடிவமைக்க குர்ட் டாங்க் பெங்களூருவுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போரில் ஃபோக்-வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற விமானத்தை வடிவமைத்தவர் அவர். தன்னுடன் ஜெர்மன் பொறியாளர்கள் சிலரையும் அழைத்து வந்திருந்தார். விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று அறிய முதலில் முழு அளவில் ஒரு மரக் கிளைடரைச் செய்து, 1959-இல் அதையே பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இளம் இந்தியப் பொறியாளர்கள் அங்கே கற்றது சூத்திரங்களை அல்ல. சூத்திரம் கல்லூரியிலேயே கிடைத்துவிடும். எந்தக் கணக்கை நம்பலாம், எதைச் செய்து பார்த்த பிறகே நம்ப வேண்டும், எடை கூடும்போது யாரிடம் சண்டை போட வேண்டும் என்பவற்றை, முடிவெடுக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது வருத்தம் தருகிறது. மாருத்துக்குத் திட்டமிட்ட வலிமையான எஞ்சின் கிடைக்கவில்லை. பலம் குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சினோடுதான் அது காலம் தள்ளியது. மொத்தம் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் முனையில் அவை நன்றாகவே உழைத்தன. ஆனால் வடிவமைப்பு மேசைக்கு அடுத்த போர் விமானம் வரவில்லை. மிக்-21 போன்ற வெளிநாட்டு விமானங்களை உரிமம் பெற்றுக் கட்டும் வேலை வந்தது. உரிமத்தில் கட்டுகிறவருக்கு வரைபடம் முழுதாக வந்து சேர்ந்துவிடும். இறக்கை ஏன் அந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அவர் கேட்க வேண்டியதில்லை, கேட்டாலும் பதில் வராது. தேஜஸைத் தந்த இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்தது 1983-இல். அதற்கென ஏ.டி.ஏ. என்ற புதிய அமைப்பை, எச்.ஏ.எல்.லுக்கு வெளியே, 1984-இல் தொடங்கினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1956-இல் டாங்க்கிடம் 25 வயதில் சேர்ந்தவருக்கு 1983-இல் 52 வயது. 58 வயதில் ஓய்வு என்றால் 1989-இல் வீட்டில் இருப்பார். புதிய விமானம் காகிதத்தைத் தாண்டாத காலம் அது. உலோகம் வெட்டி, இணைத்து, சோதித்த ஆண்டுகளில் அவர் இல்லை.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மாருத் அலுமினியத்தால் ஆனது. தேஜஸ் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன் இழை முதலிய கலவைப் பொருள்களால் ஆனது. மாருத்தை விமானியின் கை ஓட்டியது. தேஜஸில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. பழையவர் புதியவருக்கு என்ன சொல்லித்தர முடியும்? உத்தியைப் பொறுத்தவரை, அதிகமில்லை. ஆனால் உத்தி மாறினாலும் மாறாதவை உண்டு: சோதனையை எந்த வரிசையில் வைப்பது, எந்தப் பிழையை அற்பம் என்று விட்டால் பின்னால் கழுத்தைப் பிடிக்கும், விமானி முணுமுணுக்கும் குறையை எப்போது காதில் வாங்குவது என்பன. ஏட்டில் எழுதி வைத்துவிட்டால் போதாதா என்றால், போதாது. ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், கனடாவில் உருவான ஒரு வகை லேசரைத் தம் நாட்டு ஆய்வகங்கள் கட்ட முயன்றதை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார். அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆய்வகத்தாலும் அந்த லேசரை வேலை செய்ய வைக்க முடியவில்லை. ஏற்கெனவே செய்து முடித்தவர்களோடு பழகிய ஆய்வகங்களுக்கே அது வசப்பட்டது. அறிவியலில் தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி.

தேஜஸின் தாமதத்துக்கு 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த அமெரிக்கத் தடையும், உள்நாட்டில் உருவாக்க முயன்று கைகூடாத காவேரி எஞ்சினும், விமானப்படையின் மாறிக்கொண்டே இருந்த தேவைகளும் காரணம் என்பது உண்மை. தலைமுறை இடைவெளி மட்டுமே காரணம் என்று வாதிட்டால் அது பிழை. ஆனால் அதே எச்.ஏ.எல்.லின் ஹெலிகாப்டர் பிரிவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1984-இல் ஜெர்மன் நிறுவனமான எம்.பி.பி.யின் துணையோடு தொடங்கிய துருவ் 1992-இல் பறந்தது. அதன் ஆயுதம் தாங்கிய வடிவமான ருத்ரா 2007-இல். துருவின் சுழலியையும் சக்தி எஞ்சினையும் கொண்டு உருவான தாக்குதல் ஹெலிகாப்டர் பிரசண்ட் 2010-இல். இலகுரகப் பயன்பாட்டு ஹெலிகாப்டர் 2016-இல். துருவுக்கு விபத்துகளும் தரையில் நின்ற காலங்களும் இருந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. இருந்தாலும் ஒரு திட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கியதால், துருவில் இளையவராக இருந்தவர் பிரசண்டில் மூத்தவராக உட்கார வழி இருந்தது. நகரமும், மாருத்தைக் கட்டிய நிறுவனமும் ஒன்றுதான். வேலை இடைவிடாமல் வந்ததுதான் வேறுபாடு.

மூத்தவர்கள் இளையவர்களை அமுக்கிவிடுவார்கள் என்ற பயம் இன்னொன்று. சீனியாரிட்டி கோலோச்சும் அரசு நிறுவனங்களைப் பார்த்தவர்கள் இதைப் பொய் என்று தள்ள மாட்டார்கள். 1975 ஏப்ரல் 19 அன்று விண்ணில் ஏறிய ஆர்யபட்டாவை, இளைஞர்களே போதும் என்பதற்கு எடுத்துக்காட்டுவார்கள்: பெங்களூருவின் பீன்யா பகுதித் தொழிற்கூடக் கொட்டகைகளில் அனுபவமில்லாத இளைஞர்கள் கட்டிய செயற்கைக்கோள் அது. ஆனால் அந்த இளைஞர்கள் நடுவே யு.ஆர்.ராவ் இருந்தார். அமெரிக்காவில் பயோனியர் விண்கலங்களின் ஆய்வுக் கருவிகளோடு உழைத்துவிட்டு வந்தவர். சோவியத் பொறியாளர்களும் உடனிருந்தார்கள். கற்றலும் ஒரு திசையில் மட்டும் போவதில்லை. தேஜஸின் கணினிக் கட்டுப்பாட்டு விதிகளை எழுதுவதற்காக 1992-இல் பெங்களூருவின் தேசிய வான்வெளி ஆய்வகத்தில் ஒரு குழு அமைந்தது. நாட்டில் யாருமே அதற்கு முன் செய்திராத வேலை என்பதால் வயதில் மூத்தவரும் அங்கே மாணவர்தான். அப்படிக் கற்று எழுதிய விதிகளோடு பறந்த தேஜஸ் தன் முதல் விபத்தைச் சந்தித்தது 2024 மார்ச்சில், முதல் பறப்புக்கு 23 ஆண்டுகள் கழித்து. பெரியவர் முடிவை மட்டும் சொல்லாமல் முடிவுக்கு வந்த வழியையும் சொல்கிற இடத்தில் சீனியாரிட்டி பாரமாக இருப்பதில்லை. எதிரில் முடியாத வேலை ஒன்று கிடந்தால் அந்த வழியைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மென்பொருள் நிறுவனங்களில் மாதம் ஒரு மணி நேரம் காபியோடு நடத்தும் வழிகாட்டிச் சந்திப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதும் இதனால்தான். அங்கே பேச்சு இருக்கிறது, பொது வேலை இல்லை.

இப்போது ஏ.டி.ஏ. அடுத்த போர் விமானத்தில் இறங்கியிருக்கிறது. ஆம்கா எனப்படும் அந்த ஐந்தாம் தலைமுறை விமானத்தின் வடிவமைப்புக்கும் மாதிரிகளுக்கும் 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒப்புதலானது. தனியார் நிறுவனங்களும் போட்டியிடலாம் என்ற முறைக்கு 2025 மே மாதம் அரசு இசைந்தது. இதை வரவேற்கிறேன், புதிய கைகள் வரத்தான் வேண்டும். ஆனால் போர் விமானம் வடிவமைத்தே இராத நிறுவனத்தின் பொறியாளர்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்து கற்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். தேஜஸில் பழகியவர்களை ஓய்வுக்குப் பிறகு ஆலோசகர் என்ற பெயரில் கூட்டத்துக்குக் கூட்டம் அழைப்பது அதற்கு ஈடாகாது. ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே அவர்களை ஆம்கா மேசைக்கு மாற்றி, இளையவர்களோடு ஒரே வரைபடத்தின் பொறுப்பில் கையெழுத்திட வைக்க வேண்டும். 1992-இல் அந்தக் கட்டுப்பாட்டு விதிக் குழுவில் 25 வயதில் சேர்ந்த ஒருவருக்கு 2027-இல் வயது 60.