கரிப்புகையில் மறைந்த முகங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி ரயிலில் இடம் பிடிப்பது இன்று பெரிய காரியம். கல்லாறு தாண்டியதும் பற்சட்டத்தைக் கவ்விக்கொண்டு மலையேறும் இன்ஜின், மரங்களுக்கு மேல் எழும் புகை, தண்ணீர் பிடிக்க நிற்கும் சின்னச் சின்ன நிறுத்தங்கள் என எல்லாவற்றையும் பயணிகள் செல்போனில் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வந்த பாதை இது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சமவெளியில் நீராவி ரயில் ஓய்ந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணில் கரித்தூள் விழுந்தது, வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது, கூவல் சத்தம் கேட்டு வயலில் நேரம் கணித்தது என்று பல நினைவுகள். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால், அவை பெரும்பாலும் பெட்டிக்குள் உட்கார்ந்தவர்களின் நினைவுகள். அந்த இன்ஜினை ஓட வைக்கக் கரி அள்ளியவர், சாம்பல் குழியில் இறங்கியவர், தண்டவாளத்துக்கு ஜல்லி அடித்தவர் ஆகியோரின் நினைவுகள் எங்கே?

டீசல் இன்ஜினைப் போலச் சாவி போட்டுக் கிளப்பக்கூடியது அல்ல நீராவி இன்ஜின். குளிர்ந்து கிடக்கும் கொதிகலனில் தீ மூட்டி, ஓடுவதற்கு வேண்டிய அழுத்தம் வரப் பல மணி நேரம் ஆகும். வண்டி ஓடும்போது ஃபயர்மேன் கரியை வாரி வாரி அடுப்பில் வீச வேண்டும். வெறுமனே கொட்டினால் போதாது. எந்த மூலையில் தீ தணிகிறதோ அங்கே போய் விழ வேண்டும். முகத்துக்கு நேரே அனல், முதுகில் காற்றும் மழையும். ஷெட்டுக்குத் திரும்பியதும் இன்ஜின் சாம்பல் குழியின் மேல் போய் நிற்கும். அடுப்பில் உருகிக் கட்டி தட்டிப்போன கசடைக் கம்பியால் இடித்துக் கீழே தள்ளுவார்கள். குழியில் நிற்பவர் அதன் மேல் தண்ணீர் அடித்து, ஆவியும் கந்தக நெடியும் எழும்ப, வாரி வெளியே போட வேண்டும். முன்பக்கக் கதவைத் திறந்து புகைப்பெட்டியில் சேர்ந்த கரிப்பொடியை அள்ளுவது இன்னொரு வேலை. உப்புத் தண்ணீரால் கொதிகலனுக்குள் படியும் காரையைக் கழுவி எடுப்பது மற்றொன்று. விழுப்புரம், அரக்கோணம், ஜோலார்பேட்டை, ஈரோடு என்று ஷெட் இருந்த ஊர்களில் எல்லாம் இரவும் பகலும் இதுதான் நடந்தது.

இந்த வேலைகளில் எது யாருக்கு என்பதைத் திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர்கள் மாநாடு கூட்டினார்கள். அங்கே பேசிய அம்பேத்கர், தீண்டப்படாதவர் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்தால் கேங்மேனாகவே காலம் தள்ள வேண்டியிருக்கிறது என்றார். நிலையத்தில் போர்ட்டர் வேலைகூட எளிதில் கிடைப்பதில்லை. ஏனென்றால், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு எடுபிடி வேலையையும் அந்தப் போர்ட்டர்தான் செய்ய வேண்டும். சாதி இந்துவான ஸ்டேஷன் மாஸ்டர் இவரை வீட்டுக்குள் விட மாட்டார். பணிமனைகளிலும் கூலி வேலையைத் தாண்டி மெக்கானிக், ஃபோர்மேன் என்று மேலே போக வழியில்லை என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். தொழிலாளர்களுக்கு முதலாளித்துவம், பார்ப்பனியம் என்று இரண்டு எதிரிகள் உண்டு என அவர் சொன்னதும் அதே மேடையில்தான். அந்தப் பேச்சைப் பாடப் புத்தகத்தில் வைக்கலாம். இரும்பும் நீராவியும் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்பியவர்களுக்கு, ரயில்வேக்குள்ளிருந்தே வந்த பதில் அது.

ரயிலும் சாதியும் எப்படி ஒன்றாக ஓடின என்பதை அவர் சிறுவனாகவே பார்த்தவர். 1901இல் அப்பாவைப் பார்க்கக் குடும்பத்துப் பிள்ளைகளோடு சதாராவிலிருந்து ரயிலில் போய் மசூரில் இறங்கினார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகளைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரித்தார். மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்கினார். இரட்டிப்புக் கூலி தருவதாகச் சொன்ன பிறகுதான் ஒரு மாட்டுவண்டிக்காரர் இசைந்தார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். ரயில் டிக்கெட்டுக்குச் சாதி தேவைப்படவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே குடிக்கத் தண்ணீருக்குத் தேவைப்பட்டது.

ஸ்டேஷனுக்குள் மட்டும் என்ன வாழ்ந்தது? தென்னிந்திய நிலையங்களின் உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கத்தின் தொடர் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அது நீங்கியது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ரயில்வே கொடுத்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. பண்ணையாரிடம் நெல் அளந்து வாங்கிய குடும்பத்துக்கு மாதம் பிறந்தால் கையில் காசாகச் சம்பளம் வந்தது. ஊரும் சேரியுமாகப் பிரிந்த கிராமத்தை விட்டு ரயில்வே குடியிருப்புக்குப் போக முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து 1928 வாக்கில் பொன்மலைக்கு மாறிய பணிமனையும் அதைச் சுற்றி எழுந்த குடியிருப்பும் எத்தனை குடும்பங்களின் தலைவிதியை மாற்றின என்பதைத் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலாசியாகச் சேர்ந்தவரின் மகன் பள்ளிக்குப் போனான், பேத்தி கல்லூரிக்குப் போனாள். அதனால்தான் நம் வீடுகளில் அந்தப் புகையை நினைக்கும்போது கசப்பும் பிரியமும் சேர்ந்தே வருகின்றன.

மேலே ஏறும் ஏணி மட்டும் சும்மா கிடைத்துவிடவில்லை. நீராவி காலத்தில் இன்ஜின் துடைப்பவர் இரண்டாம் ஃபயர்மேனாகி, முதல் ஃபயர்மேனாகி, ஷன்டராகி, அதன் பிறகே டிரைவராக முடியும். ஒவ்வொரு படியிலும் மேலதிகாரியின் தயவு வேண்டும். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினருக்கு 8.33 சதவீத இடஒதுக்கீடு வந்தது. ஆனால் சேர்ந்த பிறகு? ஜெகஜீவன் ராம் ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 1959இல் ரயில்வே வாரியம் பதவி உயர்விலும் ஒதுக்கீடு தரும் சுற்றறிக்கைகளை அனுப்பியது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் நம் தெற்கு ரயில்வே ஊழியர் ஒருவர்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் அவர் வென்றார். 1961இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, பதவி உயர்வில் ஒதுக்கீடு செல்லும் என்றது. இன்று சட்டக் கல்லூரிகளில் ரங்காச்சாரி வழக்கு என்று படிப்பது இதைத்தான். ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் எத்தனை பேர் கீழ்ப்படியிலேயே நின்றிருப்பார்கள்!

அகலப்பாதையில் நீராவி ரயில் 1995இல் முடிவுக்கு வந்தது. மீட்டர் கேஜிலும் அடுத்த சில ஆண்டுகளில் அடங்கியது. நிரந்தரப் பணியாளர்களுக்கு வேறு பிரிவுகளில் இடம் கிடைத்தது. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குக் கரி அள்ளியவர்களின் பெயர் ரயில்வே பதிவேட்டில் இருந்தால்தானே அவர்கள் மாற்று வேலை கேட்க முடியும்?

சென்னை பெரம்பூரிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. பல ஊர்களில் நிலைய வாசலிலேயே பழைய இன்ஜினுக்கு வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட இன்ஜின்களின் பலகைகளில் பொதுவாக இருப்பது கட்டிய ஆண்டு, எடை, எந்த நாட்டுத் தயாரிப்பு என்கிற விவரங்கள்தான். அதன் அடியில் படுத்துச் சாம்பல் வாரியவரைப் பற்றி ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவு ஆகாது.

அது வருகிறபோது வரட்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இப்போதே ஒரு வேலை செய்யலாம். கடைசிக் கால நீராவி ஷெட்டில் இளைஞராகச் சேர்ந்தவருக்கே இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். மற்றவர்கள் எழுபது, எண்பதில் இருக்கிறார்கள். தாத்தாவிடமோ தெருவில் இருக்கும் ரயில்வே பெரியவரிடமோ செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு உட்காருங்கள். எந்த இன்ஜின் என்பதோடு நிறுத்தாமல், ஷெட்டில் குடிதண்ணீர்ப் பானை ஒன்றா இரண்டா, யார் மொண்டு ஊற்றினார்கள் என்று கேளுங்கள். நடுராத்திரியில் டிரைவரை எழுப்பப் போகும் ‘கால் பாய்’ வேலை பார்த்தவர் என்றால், மேல்சாதித் தெருவில் எங்கே நின்று கூப்பிட்டார் என்று கேளுங்கள். சாம்பல் குழிக்கு யாரை இறக்கினார்கள், யார் ஒருநாளும் இறங்கவில்லை என்று கேளுங்கள். பாட்டி கூலிக்குக் கரி சுமந்திருந்தால் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு, கைக்குழந்தையை எங்கே கிடத்தினார் என்று கேளுங்கள்.

அப்படியே பரணையும் ஒருமுறை பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, பணிமனையில் கொடுத்த எண் பொறித்த பித்தளை வில்லை ஏதாவது கிடக்கலாம். பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடும் முன், அந்த எண்ணைப் படமெடுத்து, அது யாருடையது என்று பெயரோடு எழுதி வையுங்கள்.