பாரத்தில் ஏன் இந்தக் கேள்வி?

இன்று நாம் பேசப்போவது உயர்கல்விக்கான விண்ணப்பப் பாரத்தைப் பற்றி. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த கையோடு, வீட்டில் ஒரு வாரம் எல்லாரையும் ஆட்டிவைக்கிற பாரம் அது. இப்போது அது காகிதத்தில் வருவதில்லை. கணினியிலோ கைப்பேசியிலோ நிரப்பி அனுப்புகிறோம். ஆனால் கேள்விகள் பழைய கேள்விகள்தாம். அப்பா என்ன வேலை செய்கிறார்? மாத வருமானம் எவ்வளவு? வீட்டில் எத்தனை பிள்ளைகள்? என்ன இனம்? எந்தச் சங்கத்தில் சேர்ந்திருந்தாய்?

“படிக்கப்போவது பிள்ளை, என் சம்பளம் இவர்களுக்கு எதற்கு?” என்று தகப்பனார் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது. சில கேள்விகள் கதவைத் திறப்பதற்காகக் கேட்கப்படுகின்றன. சில கேள்விகள் கதவை அடைப்பதற்காகவே கேட்கப்பட்டதும் உண்டு.

அடைப்பதற்காகக் கேட்ட கதையை முதலில் சொல்லிவிடுவோம். அமெரிக்காவின் நியூ யார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதல் உலகப் போருக்குப் பின் யூத மாணவர்கள் பெருகினார்கள். பெரும்பாலும் குடியேறிய ஏழைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், தேர்வில் கெட்டிக்காரர்கள். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. “யூதர் வரக்கூடாது” என்று வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. ஆகவே 1919இல் பாரத்தை நீட்டினார்கள். சமயம் என்ன, தகப்பனார் எங்கே பிறந்தார், தாயாரின் திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். புகைப்படமும் ஒட்டச் சொன்னார்கள். 1922இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி போனது. நீயோ உன் தகப்பனாரோ பிறந்த பிறகு பெயரை மாற்றிக்கொண்டதுண்டா, உண்டானால் விளக்கமாக எழுது என்றது. கணக்குப் பாடத்துக்கும் தாத்தா வைத்த பெயருக்கும் என்ன உறவு? கேட்டவர்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளில் கொலம்பியாவில் யூத மாணவர் தொகை ஏறத்தாழ 40 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக இறங்கியது.

கெட்ட எண்ணம் இல்லாமல் கேட்டாலும் கேள்வி காயப்படுத்தலாம். நியூ யார்க் மாநிலப் பல்கலைக்கழகப் பாரத்தில், கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. ‘ஆம்’ என்று குறித்தவர்களில் 100க்கு 62 பேருக்கு மேல் பாரத்தை முடிக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்று 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை, கேள்வியே விரட்டிவிட்டது. 2016இல் அந்தப் பல்கலைக்கழகம் அக்கேள்வியை எடுத்துவிட முடிவு செய்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வருமானக் கேள்வியைக் கண்டு பெற்றோர் கூசுகிறார்கள். பால்மரம் வெட்டுகிறவர், செம்பனைக் குலை அறுக்கிறவர், ‘சொந்தத் தொழில்’ என்று எழுதச் சொல்கிறார். வருமானத்தையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார். பிள்ளையின் கௌரவத்துக்காக என்று நினைப்பு. இதனால் நட்டம் பிள்ளைக்குத்தான். 1997இல் அமைந்த தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கொடுக்கும் கடன் தொகை, குடும்ப வருமானத்தைப் பார்த்தே முடிவாகிறது. குறைந்த வருமானம் என்றால் கூடுதல் தொகை. உபகாரச் சம்பளம் கொடுப்பவர்கள் பலரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சம்பளச் சீட்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். நாள் சம்பளக்காரராக இருந்தால், வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

சங்கம், விளையாட்டு பற்றிய கேள்வி வெறும் அலங்காரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது மதிப்பெண். பொதுப் பல்கலைக்கழக நுழைவில் பாடத்துக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் ஒன்றிரண்டு புள்ளிகளில் இடம் கைமாறும். தோட்டத்துப் பிள்ளை இங்கேதான் அடிபடுகிறது. பள்ளி மணி அடித்ததும் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டும்; பிற்பகல் சாரணர் கூட்டத்துக்கு இருந்தால் வீடு திரும்ப வண்டி இல்லை. பட்டணத்துப் பிள்ளைக்குச் சாதாரணமான ஒரு கேள்வி, இருபது கல் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு ஓரவஞ்சனையாகிவிடுகிறது. இதை நாம் குறையாகவே சொல்கிறோம். அதற்காக விட்டுவிட முடியாது. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாரத்தில் ஒருநாள் வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம். முதல் படிவத்திலிருந்தே செய்ய வேண்டும்.

இனக் கேள்வி பற்றிப் பேசாமல் இருக்கலாகாது. 1971இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, உயர்கல்விக் கூடங்களில் பூமிபுத்ராக்களுக்கு இடம் ஒதுக்க வழி செய்யப்பட்டது. 2002இல் பல்கலைக்கழக நுழைவில் தகுதி முறை வந்தது. 2003 முதல் மெட்ரிகுலேஷன் கல்வியில் 10 விழுக்காடு இடம் பூமிபுத்ரா அல்லாதோருக்குத் திறக்கப்பட்டது. 2024இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’யும் அதற்கு மேலும் எடுப்போருக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என அரசாங்கம் அறிவித்தது. ஆக, நம் நாட்டில் அந்தக் கட்டம் வெறும் புள்ளிவிவரத்துக்காக மட்டும் இருந்ததில்லை. பிரிட்டனில் வேறு வழி உண்டு. அங்கே பொது விண்ணப்பத்தில் இனத்தைக் கேட்கிறார்கள். ஆனால் இடம் உறுதியாகும் வரை பல்கலைக்கழகத்துக்கு அதைக் காட்டுவதில்லை. தேர்ந்தெடுக்கத் தேவையில்லாததைத் தேர்ந்தெடுத்த பிறகு கேட்டால் போதும் என்பதே நம் எண்ணமும்.

கடைசியாக ஒரு கேள்வி. தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றை நெடுங்காலம் தவிக்க விட்டது இதுதான். குடியுரிமை. பொதுப் பல்கலைக்கழக விண்ணப்பம் குடிமக்களுக்கானது. 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் தேதியிலிருந்து திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவர்கள் பலர். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்து, திருமணமும் பதிவாகாத நிலையில் பிள்ளை பிறந்தால், தகப்பனாரின் குடியுரிமை பிள்ளைக்குத் தானாக வந்துவிடாது. பதினேழு வயதில் பாரம் நிரப்பும்போதுதான் இது தெரியவருகிறது என்றால், காலம் கடந்த சங்கதி. பிள்ளை ஆரம்பப் பள்ளியில் இருக்கும்போதே பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தகப்பனார் பெயர் இருக்கிறதா, குடியுரிமை பற்றிய குறிப்பு என்ன சொல்கிறது, அடையாளக் கார்டில் உள்ள எழுத்தும் அதுவும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவுக்குப் போக அப்போது போதிய காலம் இருக்கும்.

பாரத்தை அனுப்பிய பின் அதன் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்காமல் மேல்முறையீடு செய்ய நேர்ந்தால், முதலில் என்ன எழுதினோம் என்பது கையில் இருக்க வேண்டும்.