கோடை விடுமுறையில் கணக்கு: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு



கல்வி உதவி விண்ணப்பம் கொடுக்க வந்த ஒரு தாயார், போகிற போக்கில் எங்களிடம் ஒன்று கேட்டார். "பையன் ஜூன்ல ஆறாவது போறான். ஐநூறு ரூபாயில 267 போனா மீதி எவ்வளவுன்னு கேட்டா 367ங்கிறான். எல்லாப் பாடத்துலயும் பாஸ்னுதான் போட்டிருக்கு. இவனுக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனை ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னோம். அழகான கையெழுத்தில் 500 எழுதி, கீழே 267 எழுதி, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். பூஜ்யத்திலிருந்து 7 போகாது, ஆகவே 7 என்று எழுதினான். அடுத்த பூஜ்யத்திலிருந்து 6 போகாது, ஆகவே 6. ஐந்தில் இரண்டு போக 3. ஆக 367. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவனாகவே ஒரு சட்டம் வைத்திருக்கிறான். அந்தச் சட்டப்படி அவன் தவறு செய்யவேயில்லை. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் 'கடன் வாங்கிக் கழித்தல்' நடந்த நாட்களில் ஏதோ ஓரிடத்தில் அவன் பிடி நழுவியிருக்கிறது. அதைப் பிறகு யாரும் கவனிக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இந்தியக் கிராமங்களில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கும் அஸர் ஆய்வு 2024இல் கண்டது இது: மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் நூற்றுக்கு 30.7 பேர்தான். 2018இல் இது 27.9 ஆக இருந்தது. கொரோனாவுக்குப் பின் 2022இல் 25.6க்கு இறங்கி, இப்போது கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஏறியதற்கு அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் வகுத்தல் தெரியாமலேயே நடுநிலைப் பள்ளிக்குள் நுழைகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணின் பொருள்.

நம் மாநிலத்தில் முயற்சி நடக்காமல் இல்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் நீண்டது. அந்தத் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரும்பு என்று சொன்னால் வருத்தப்படாதீர்கள், பிள்ளையை அடிக்காதீர்கள். எங்கே நழுவியது என்று தெரிவதுதான் முதல் மருந்து.

விடுமுறை ஏன் முக்கியம்? கோடையில் பள்ளி ஏறக்குறைய ஆறு வாரம் மூடியிருக்கிறது. வெயில் கடுமையானால் இன்னும் நீளும். 2023இல் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஜூன் 14ஆம் தேதிதான் திறந்தார்கள். 2024இல் ஜூன் 10. அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பர் என்ற பேராசிரியரும் உடனிருந்தவர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் எழுதினார்கள். கோடை விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழந்து வருகிறார்கள், வாசிப்பைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. காரணம் எளிது. விடுமுறையில் பிள்ளை எதையாவது வாசிக்கத்தான் செய்யும்: சுவரொட்டி, கைப்பேசி, பேருந்துப் பலகை. வகுத்தல் கணக்கு அப்படித் தானாக எதிரே வராது.

ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகள் இருக்கும் வீட்டாருக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுப்பாடம் ஒப்புவிப்பதோடு பழைய பாடத்தையும் தினமும் ஓதாவிட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். கணக்குக்கும் அதே கதிதான்.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ஒரு கோடையில் டிரஸ்ட் சார்பில் கனமான பயிற்சிப் புத்தகங்களை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஜூன் மாதம் திரும்பி வந்த புத்தகங்களில் பாதி காலி. மீதியில் எல்லாமே சரியான விடை! கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சிட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை, பிள்ளைகள் கவனித்திருந்தார்கள். பக்கம் நிரம்புவது பயிற்சியாகாது என்பதை அந்தக் காசில் கற்றோம்.

அதன்பின் ஆசிரியர்களிடம் கேட்டும், சில பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தும் நாங்கள் வந்து சேர்ந்த முறை இது. ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு போதும், இருபது நிமிடம். இரண்டு கணக்கு போன வகுப்புப் பாடத்திலிருந்து. இரண்டு இப்போது முடித்த வகுப்பிலிருந்து. ஒன்று வீட்டிலிருந்தோ கடைத்தெருவிலிருந்தோ வாயால் கேட்பது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. "எப்படிப் போட்டாய், சொல்லு" என்று கேட்கத் தெரிந்தால் போதும். விடை சரியோ தவறோ, இந்தக் கேள்வியை இரண்டுக்கும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால், கேட்டவுடனே பிள்ளை ரப்பரைத் தேடும்.

இனி அந்த 500 கணக்கு. காகிதத்தில் சொல்லிப் புரியாத பிள்ளைக்குக் காசாகக் காட்டுங்கள். ஐந்து நூறு ரூபாய் நோட்டை வையுங்கள். "இதிலிருந்து 267 கொடு" என்று சொல்லுங்கள். சில்லறை இல்லையே என்று பிள்ளையே சொல்லும். ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாயாகக் கொடுங்கள். அதில் ஒரு பத்தை மாற்றிப் பத்து ஒரு ரூபாய் நாணயமாகக் கொடுங்கள். இப்போது கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. எழுநாணயம் போக மூன்று, ஆறு பத்து போக மூன்று பத்து, இரண்டு நூறு போக இரண்டு நூறு. 233. 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்லும் வார்த்தையே பிள்ளையைக் குழப்புகிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. யாரும் கடன் வாங்கவில்லை, சில்லறை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

வகுத்தலில் பெரும்பாலான பிள்ளைகள் விழும் குழி நடுவில் வரும் பூஜ்யம். 618ஐ 6 பேருக்குப் பங்கிடு என்றால் 13 என்று எழுதுவார்கள். ஆறில் ஆறு ஒரு முறை, 18இல் ஆறு மூன்று முறை, ஆக 13. இதையும் நோட்டிலேயே செய்யலாம். ஆறு நூறு ரூபாய், ஆளுக்கு ஒன்று. மிச்சம் ஒரு பத்து, எட்டு ஒன்று. ஒரு பத்தை ஆறு பேருக்குக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே பத்தின் இடத்தில் ஆளுக்குப் பூஜ்யம், அதை எழுதியாக வேண்டும். பத்தை மாற்றினால் மொத்தம் 18 நாணயம், ஆளுக்கு 3. விடை 103. பிறகு சரிபார்க்கப் பழக்குங்கள். ஆளுக்கு 13 என்றால் ஆறு பேருக்கு 78தானே, மீதி 540 எங்கே போனது? இந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு டியூஷன் பாதி தேவையில்லை.

வாய்ப்பாடு விஷயத்தில் ஒரு வார்த்தை. ராகம் போட்டு மனப்பாடம் செய்வதை நாங்கள் குறை சொல்லவில்லை, நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரேழு ஏழிலிருந்து ஓடிவரும் பிள்ளைக்கு அது இன்னும் கைவரவில்லை. வரிசை மாற்றிக் கேளுங்கள். திருப்பியும் கேளுங்கள்: 56இல் எத்தனை ஏழு? திருப்பிக் கேட்பதுதான் வகுத்தலுக்கு உதவும். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் மனத்தில் உருதுவிலேயே கூட்டிப் பெருக்கினால் தடுக்காதீர்கள். எந்த மொழியில் ஓடினாலும் ஹிசாப் ஹிசாப்தான்.

வாய்க்கணக்குக்கு நம் ஊரைவிட நல்ல புத்தகம் இல்லை. பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும் உருண்டை வெல்லம் 30 கிலோ சிப்பம். ஒரு சிப்பம் 1,350 ரூபாய்க்குப் போனால் கிலோ எவ்வளவு? (45 ரூபாய்.) ஒரு கவுளி 100 வெற்றிலை, 104 கவுளி ஒரு சுமை. அப்படியானால் ஒரு சுமையில் எத்தனை வெற்றிலை? அரைச் சுமையில் எத்தனை கவுளி? பத்தாயிரத்து நானூறு என்று பிள்ளை எழுத்தில் எழுதும்போது 10,400 என்று எழுதுகிறதா, 10,0400 என்று எழுதுகிறதா என்று பாருங்கள். இடமதிப்பு புரிந்ததா இல்லையா என்பது அங்கே தெரிந்துவிடும்.

தொழுகை நேர அட்டை எல்லா வீட்டிலும் தொங்குகிறது. லுஹர் ஜமாஅத் 1.30, அஸர் ஜமாஅத் 5.10 என்றால் இடையில் எவ்வளவு நேரம்? பல பிள்ளைகள் 3 மணி 80 நிமிடம் என்பார்கள். ஒரு மணியை மாற்றினால் 60 நிமிடம்தான் கிடைக்கும், 100 அல்ல. மேலே சொன்ன சில்லறை மாற்றும் கணக்கின் தம்பிதான் இது. விடை 3 மணி 40 நிமிடம்.

பின்னத்துக்கு நன்னிமாவைக் கூப்பிடுங்கள். எட்டு நான்கைவிடப் பெரியது, ஆகவே எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு, நான்கு உழக்கு என்று தெரிந்த பாட்டிக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. அரிசியை அளந்து காட்டினால் பிள்ளைக்கும் தீரும். கூட்டுக் குர்பானியின் ஏழு பங்கு, ஜகாத்தின் நாற்பதில் ஒரு பங்கு எல்லாம் பின்னம்தான். அந்த நாற்பதில் ஒன்றுக்குப் பழந்தமிழ்க் கணக்கில் 'அரைமா' என்றே பெயர் உண்டு. மா என்றால் இருபதில் ஒன்று. 40,000 ரூபாய்க்கு அரைமா ஆயிரம் ரூபாய்.

மதரஸாவில் ஃபராயிள் ஓதும்போது நாங்கள் திணறியது அரபி புரியாமல் அல்ல. பிள்ளைகள் உள்ளவர் இறந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் 24இல் 7, மற்றவர்களுக்கு மிச்சம் 24இல் 17. பொது மடங்கு காணத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அது ஐந்தாம் வகுப்பில் விட்ட பாக்கி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்குக் கணக்குகள்தான் என்று பிறகு கல்லூரியில் தெரிந்துகொண்டபோது, அந்தப் பாக்கியை அடைக்க ஆசை வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைக்கணக்குத் தெரிந்தால் போதும், பள்ளிக்கணக்கு எதற்கு என்று சில அத்தாமார்கள் கேட்கிறார்கள். விடுமுறையில் கடையில் நிற்கும் பையன்கள் மனக்கணக்கில் புலிகள் என்பது உண்மைதான். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்லோவும் மற்றவர்களும் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கு 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயம் 1.4 கிலோ வாங்கி 200 ரூபாய் நீட்டினால், மீதி 163 ரூபாயை மனத்திலேயே போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் தாளில் கழித்தல், வகுத்தல் கொடுத்தால் பெரும்பாலோர் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளோ நேர் எதிர், தாளில் போடுவார்கள், சந்தையில் திணறுவார்கள். ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வராது என்பதே இதன் செய்தி. ஆகவேதான் ஐந்தில் நான்கு கணக்கைத் தாளில் போடச் சொல்கிறோம். வாயால் சொன்ன வெல்லக் கணக்கையும் ஒருமுறை தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அவசரம் ஏன் என்றால், எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, ஆகவே குறை வெளியே தெரிவதில்லை. ஆறாம் வகுப்பில் இயற்கணிதமும் விகிதமும் வந்துவிடும். வகுத்தல் தெரியாதவனுக்கு விகிதம் அரபியைவிடக் கடினம். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் வீடுகளில் பலவும் அதற்குள்தான். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பயத்தால் பட்டறைக்குப் போன பையன்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேண்டுகோள்: விடுமுறையில் படுகை அணைக்கும் ராஜா வாய்க்காலுக்கும் பிள்ளைகளைத் தனியே குளிக்க விடாதீர்கள். தண்ணீர் குறைவாகத் தெரியும் இடத்திலும் இழுப்பு இருக்கும்.

கோடை தீனிய்யாத் வகுப்பு முடிந்ததும் மதரஸா கூடத்தில் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். நான்காம், ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண், பெண் பிள்ளைகள் யாரும் வரலாம், கட்டணம் இல்லை. கல்லூரியில் படிக்கும் நம் ஜமாஅத் பிள்ளைகள் சிலர் உடன் உட்கார இசைந்திருக்கிறார்கள். புதுப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். போன வருடக் கணக்கு நோட்டைத் தூக்கிப் போடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். சிவப்பு மையில் தவறு போட்ட பக்கங்கள்தான் எங்களுக்கு வேண்டும். இன்ஷா அல்லாஹ் முதல் நாள் அந்தப் பக்கங்களிலிருந்தே ஆரம்பிப்போம்.