நாயும் உயர்திணையும்

நாய் என்னும் சொல் நம் பேச்சில் பெரும்பாலும் வசையாகவே வழங்குகிறது. ஒருவனை இகழ வேண்டின் அவனை நாய் என்கிறோம். அவன் வாழ்வை நாய்ப் பிழைப்பு என்கிறோம். மாணிக்கவாசகர் இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் இடங்களில் நாயேன் என்றே பலகாலும் கூறிக்கொள்கிறார். சொல்லை இவ்வளவு தாழ்வான இடத்தில் வைத்துவிட்டு, அச்சொல்லுக்குரிய உயிரை வீட்டு வாயிலில் வைத்துச் சோறிட்டு வளர்க்கிறோம். அது இறந்தால் அழுகிறோம். அழுததை வெளியே சொல்ல நாணுகிறோம். 'ஒரு நாய்க்காகவா?' என்று யாரேனும் கேட்டுவிடுவரோ என்னும் அச்சமே அந்த நாணத்துக்குக் காரணம்.

இவ்வச்சம் தமிழ் மரபில் வேர் கொண்டதுதானா என்று ஆராய்வது தமிழாசிரியர்க்குப் பயன் தரும் எனக் கருதுகிறேன். வளர்த்த நாய்க்காக வருந்துவது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு அது புதுமை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். நம்முடைய கல்லும் இலக்கணமும் வேறு சொல்கின்றன.

கல்லை முதலில் காண்போம். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம், தண்டராம்பட்டுப் பகுதிகளில் நடுகற்கள் மிகுதி. அவற்றுட் பல, ஆநிரை கவரும் பூசலிலும் மீட்கும் பூசலிலும் உயிர் நீத்தவர்க்கு எடுத்தவை, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. எடுத்தனூர் என்னும் ஊரிலுள்ள கல் அவற்றுள் தனிச் சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நாட்டப்பட்டது அது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தன் எருமைகளின் பொருட்டுப் பொருது பட்டான் என்பது அதன் செய்தி. வீரனுடைய உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயைப் பற்றித் தனியே ஒரு தொடரும் உண்டு. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது என்கிறது அத்தொடர்.

இச்சிறு தொடரில் மூன்று செய்திகள் கருதத் தக்கவை. முதலாவது, நாய்க்குப் பெயர் உண்டு. அப்பெயரைக் கல்லில் எழுதியிருக்கிறார்கள். எழுத்தறிந்தோர் சிலரே இருந்த ஒரு நாட்டுப்புறத்தில், ஒவ்வோர் எழுத்தையும் உளியால் வெட்ட வேண்டியிருந்த காலத்தில், 'அவனுடைய நாய்' என்று எழுதினாலே போதியிருக்கும். இரண்டாவது, செயல் வரையறுத்துச் சொல்லப்படுகிறது. பலரைக் கடித்தது, படையை விரட்டியது என்னும் மிகைக்கு இங்கே இடமில்லை. கடிபட்ட கள்ளர் இருவர். கண்டவர் சொல்லக் கேட்டு எழுதியது போன்ற நேர்மை இதில் இருக்கிறது. மூன்றாவது, வினை. காத்திருத்தல் என்றால் இன்று நாம் பேருந்துக்குக் காத்திருப்பதையே எண்ணுவோம். கல்லில் அச்சொல்லுக்குக் காவல் செய்து இருத்தல் என்பதே பொருள். தலைவன் விழுந்த பின்னும் நாய் அகலாது நின்ற நிலை அச்சொல்லில் அடங்கியிருக்கிறது. நாயும் மாண்டதாகக் கல் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் தலைவனுக்கு எடுத்த கல்லில் அதற்குப் பங்கு கொடுத்துவிட்டார்கள்.

நடுகல்லுக்குரிய துறைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறாக வகுக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதல் அதன்முன் நின்று வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் ஒரு வேலை. இறந்தவனை நினைத்துச் செயலற்று அமர்ந்திருப்போரை எழுப்பி, இன்று இதைச் செய், நாளை அதைச் செய் என்று கைக்கு வேலை கொடுக்கும் முறை இது. எடுத்தனூரில் அம்முறையினுள் ஒரு நாயும் இடம் பெற்றது.

தலைவனோடு சேர்ந்ததால்தானே நாய்க்கு இடம் கிடைத்தது என்று வினவலாம். நாய்க்கென்றே எடுத்த கல்லும் உண்டு; அது கன்னட நாட்டது. மண்டியா மாவட்டத்து ஆதக்கூரில் கி.பி. 949-50ஆம் ஆண்டு அளவில் நாட்டப்பட்ட அக்கல் இப்பொழுது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழ இளவரசன் இராசாதித்தன் பட்ட தக்கோலப் போரை நம் மாணவர் வரலாற்றில் படிக்கின்றனர். அப்போரில் எதிர்ப்பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், தன் வீரத்துக்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயை வேண்டிப் பெற்றான். பொன்னும் ஊரும் கேட்டிருக்கக் கூடியவன் நாயைக் கேட்டான். பின்னர் அந்நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. மணலேரன் கோயில் முன்னே கல் நாட்டி, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டான். நாயும் பன்றியும் பொரும் காட்சி கல்லில் இன்றும் காணக் கிடக்கிறது. சோழர்க்குத் தோல்வி தந்த போரின் செய்தியை வரலாற்று ஆசிரியர் தேடிச் செல்லும் கல், உண்மையில் ஒரு நாயின் நினைவுக் கல் என்பது எண்ணி மகிழத் தக்கது.

பாரதத்தில் தருமன் தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டு விண்ணுலகு புக மறுத்த கதையை இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவது வழக்கம். என் கருத்தில் எடுத்தனூர்க் கல்லே அதனினும் வலிய சான்று. பாரதக் கதையில் அந்த நாய் இறுதியில் அறக்கடவுளாக மாறிவிடுகிறது. கடவுளைத்தான் காத்தான் என்று முடித்துவிடலாம். கோவிவன் கடைசி வரை நாயாகவே இருந்தது.

இனி இலக்கணம். சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் தோழன்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதினாள். தோட்டச் சாலையில் லாரியில் அடிபட்டு இறந்த தன் நாய் கருப்பனைப் பற்றியது. 'கருப்பன் என்னைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவான். மணி அடித்தபின்தான் போவான். அவன் இறந்துவிட்டான்' என்று எழுதியிருந்தாள். வகுப்பாசிரியை இளையவர், கடமையுணர்ச்சி மிக்கவர். சிவப்பு மையை எடுத்துவிட்டு, 'விடும், போகும், அது இறந்துவிட்டது என்று திருத்த வேண்டுமல்லவா ஐயா?' என்று என்னிடம் வந்து கேட்டார்.

அஃறிணைப் பெயருக்கு அஃறிணை வினையே முடிபு என்பது பொது விதி. அதனை அவர் மறவாதிருந்தது பாராட்டுக்குரியது. ஆனால் அவ்விதியோடு பவணந்தி முனிவர் நிறுத்திவிடவில்லை. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களால் ஒரு திணை மற்றொரு திணையாகச் சொல்லப்படின் அதனை அமைத்துக்கொள்ளலாம் என்கிறது நன்னூல். உவப்புக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டை நாம் எல்லோரும் பயிற்சிக் காலத்தில் மனப்பாடம் செய்தோம்: ஒரு பசுவைக் கண்டு 'என் அம்மை வந்தாள்' என்பது. பசுவை அம்மை என்பது அமையுமாயின், நாயை 'அவன்' என்பதும் அமையும். அந்த மாணவி வழுவாக ஒன்றும் எழுதவில்லை. உவப்பினால் வந்த திணை வழுவமைதியை, பெயர் அறியாமலே, சரியாகக் கையாண்டிருந்தாள்.

இதில் இன்னொரு நயமும் உண்டு. மனிதனை 'நாயே' என்று வைவதும் அதே விதியால் அமைவதுதான். அங்கே காரணம் செறலும் இழிப்பும். சினத்தால் மனிதனை நாயாக்கவும் அன்பால் நாயை மனிதனாக்கவும் ஒரே நூற்பா இடம் தருகிறது. நாம் முதலாவதை நாள்தோறும் பயன்படுத்துகிறோம். இரண்டாவதைக் குழந்தை பயன்படுத்தினால் சிவப்பு மையைத் தேடுகிறோம். (விலங்குகளைப் பற்றிய அறிவியற் கட்டுரையில் 'யானை வந்தான்' என்று எழுதும் மாணவனைத் திருத்தத்தான் வேண்டும். உவப்பு வேறு, அறியாமை வேறு.)

நாய்களைப் பழமொழியிலும் வசையிலும் மட்டும் கண்ட ஆசிரியர்க்கு நாலடியாரையும் நினைவூட்டலாம். யானை போன்றாரின் நட்பை விட்டு நாய் போன்றாரின் நட்பைக் கொள்ளச் சொல்லும் வெண்பா அதில் இருக்கிறது. நெடுநாள் பழகிய பாகனையே யானை கொல்லும். தன் மேனியில் வேல் தைத்திருக்கும்போதும் நாய் உரியவனைக் கண்டு வாலைக் குழைக்கும் என்பது காரணம். வேலை எறிந்தவனும் அவ்வுரியவனே என்று எண்ணும்போது அவ்வெண்பா நெஞ்சை உறுத்துகிறது.

இவ்வன்பு ஒருபுறமாக நாம் கற்பித்துக்கொண்டது அன்று என்பதற்கு அறிவியலும் சான்று தருகிறது. ஜப்பானில் அசாபு பல்கலைக்கழகத்தார் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், நாயும் உரியவரும் ஒருவரையொருவர் நெடிது நோக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு மிகுவதைக் கண்டனர். தாயும் சேயும் நோக்கும்போது மிகுவதும் அதுவே. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நிகழவில்லை. பழமையும் சிறிதன்று. ஜெர்மனியில் ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914இல் கண்டெடுத்த புதைகுழியில், ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணோடும் பெண்ணோடும் ஒரு நாய்க்குட்டி புதைக்கப்பட்டிருந்தது. அதன் பற்களை அண்மையில் ஆராய்ந்தோர், அது கொடிய நோயுற்றுப் பல கிழமைகள் பிழைத்திருந்தது என்றும், மனிதர் பேணாமல் அது இயலாது என்றும் கூறுகின்றனர். நோயுற்ற குட்டியால் வேட்டைக்கு என்ன பயன்? பயன் கருதாமலே பேணியிருக்கிறார்கள்.

அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியிட்ட நூலில், உரிமை மறுக்கப்பட்ட துயரம் என்று ஒருவகைத் துயரைப் பிரித்துக் காட்டினார். இழந்தவர் வருந்துகிறார், ஆனால் அவ்வருத்தத்தைச் சுற்றத்தார் வருத்தமாக ஏற்பதில்லை. துக்கம் கேட்க எவரும் வருவதில்லை, விடுப்புக் கிடையாது, சடங்கும் கிடையாது. வளர்ப்பு உயிர்களின் இழப்பு அவ்வகையைச் சேர்ந்தது.

நம் பினாங்குத் தமிழர் இத்துயரை வேறோர் உருவிலும் அறிவர். செபராங் பிறைத் தோட்டங்களில் லயத்து நாய் என்று ஒன்று உண்டு. அது ஒரு வீட்டுக்கு உரியது போலவும் இருக்கும், எல்லா வீட்டுக்கும் உரியது போலவும் இருக்கும். விடியுமுன் இருளில் பால்வெட்டப் போகிறவர்க்கு முன்னே ஓடிப் பாம்பையும் பன்றியையும் அறிவிப்பது அதன் வேலை. தோட்டங்கள் கைமாறி, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் போனபோது, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. அங்கே நாய் வைத்துக்கொள்ள இடமில்லை. லாரியில் கட்டிலும் அலமாரியும் ஏறின, நாய் ஏறவில்லை. லாரியின் பின்னே சாலை முனை வரை ஓடி வந்து நின்ற நாயைப் பற்றி, அறுபது கடந்த பெற்றோர் சிலர் இன்றும் குரல் தாழ்த்தித்தான் பேசுகின்றனர். தோட்டத்தை இழந்ததைப் பற்றிக் கூட்டங்களில் உரக்கப் பேசியவர்கள் அவர்கள்.

2015இல் வெறிநாய்க்கடி நோய் வடமாநிலங்களில் தலைகாட்டிச் செப்டம்பர்த் திங்களில் பினாங்கிலும் உறுதிப்பட்டபோது, மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல ஆணையிட்டது. எதிர்ப்பும் எழுந்தது, நாளிதழ்களில் வழக்காடல் நெடிது நடந்தது. நோய்க்குறி தோன்றியபின் ஏறத்தாழ எவரும் பிழைக்க முடியாத கொடிய நோய் அது. அரசின் அச்சத்தை எளிதாகத் தள்ள இயலாது. ஆயினும் கழுத்துப்பட்டை இல்லாத லயத்து நாய்க்குச் சட்டத்தின் கண்ணில் உரியவர் எவரும் இல்லை; குழந்தைகளின் கண்ணில் அதற்கு உரியவர் பலர். தடுப்பூசியும் உரிமமும் எதற்கு என்பதை வகுப்பில் விளக்க இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை. அன்பு வைத்த நாய்க்குப் பட்டை கட்டுவதும், அதனை அண்டை வீட்டாரின் சமய ஒழுக்கத்துக்கு இடையூறின்றிக் கட்டி வளர்ப்பதும் அவ்வன்பின் பகுதிகளே.

வளர்த்த நாயின் ஆயுள் பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று ஆண்டு. பிள்ளை பிறந்த ஆண்டில் வீட்டுக்கு வந்த குட்டி, அப்பிள்ளை தொடக்கப் பள்ளியை முடிக்கும் முன்னரோ முடிக்கும் ஆண்டிலோ இறக்கிறது. எனவே பல பிள்ளைகள் அருகிருந்து காணும் முதற் சாவு அதுவே. அப்போது பெரியோர் செய்யும் இரண்டு செயல்களை ஆசிரியர் தடுக்க முயலலாம். ஒன்று, 'எங்கோ ஓடிப்போய்விட்டது' என்று மறைப்பது. பிள்ளை மாதக்கணக்கில் வாயிலைப் பார்த்திருக்கும். மற்றொன்று, மறுநாளே புதிய குட்டியைக் கொண்டுவந்து பழைய பெயரையே இடுவது. புதிய குட்டி வரலாம். பழைய பெயர் அதற்கு வேண்டா. மீளாத நோயில் கால்நடை மருத்துவர் ஊசியிட்டு முடித்த நாயாயின், அதனையும் பிள்ளையின் வயதுக்கேற்ற சொல்லால் உண்மையாகவே சொல்ல வேண்டும். 'தூங்க வைத்தார்கள்' என்று சொல்லக் கேட்ட சிறுபிள்ளை இரவில் தூங்க அஞ்சும்.

புதைக்கும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லலாம். தோட்டத்தில் நாயைப் புதைத்த இடத்தில் தென்னம்பிள்ளை வைப்பாரும் உண்டு. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு அதற்கு நிலமில்லை. அவர்கள் பிள்ளைக்கு ஒரு தாளும் எழுதுகோலும் கொடுக்கலாம். நாயின் பெயர், அது வந்த ஆண்டு, அது செய்த செயல் ஒன்று என இவற்றை நான்கு வரியில் எழுதச் செய்தால் போதும். 'மிகவும் நல்லவன்' என்று பொதுவாக எழுதினால், என்ன செய்தான் என்று கேளுங்கள். 'அவன்' என்று எழுதினால் அப்படியே விட்டுவிடுங்கள்.