பைக் முகப்பு விளக்கு: கூடுதல் வெளிச்சமும் அது விழும் இடமும்

தெருவிளக்கு இல்லாத சாலைகளில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் பலருக்கும் முகப்பு விளக்கின் வெளிச்சம் போதவில்லை என்ற குறை உண்டு. உதிரிபாகக் கடையில் கிடைக்கும் இன்னும் பிரகாசமான பல்பு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் அதே அளவுக்குப் பரவலாக உள்ளது. ஆனால், ஓட்டுபவரின் பார்வை எவ்வளவு தொலைவு எட்டும் என்பதைப் பல்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. பல்புக்கு மின்சாரம் முழுமையாக வந்து சேர்கிறதா என்பதும், பிறக்கும் வெளிச்சம் சாலையில் எந்த இடத்தில் விழுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானவை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. குறுக்கே நிற்கும் மாட்டைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குள் ஒன்றரை விநாடி கழிந்தால் 25 மீட்டரும், அதன் பிறகு உலர்ந்த தார்ச்சாலையில் வண்டி நிற்பதற்கு மேலும் 25 முதல் 30 மீட்டரும் தேவைப்படும் என்பதால், ஐம்பது மீட்டருக்கும் அப்பால் இருப்பதைத் தெளிவாகக் காட்டாத விளக்கு அந்த வேகத்துக்கு ஏற்றதன்று.

ஸ்ப்ளெண்டர் போன்ற 100 சிசி வண்டிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது எச்எஸ்1 எனப்படும் 35/35 வாட் ஹாலஜன் பல்பு. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 போன்றவற்றின் பெரிய வட்ட விளக்கில் நெடுங்காலம் இருந்தது எச்4 எனப்படும் 60/55 வாட் பல்பு. ஒளியின் மொத்த அளவைக் குறிக்கும் லுமென் கணக்கில், ஹை பீமில் முன்னது சுமார் 825 லுமெனும் பின்னது சுமார் 1,650 லுமெனும் தருகின்றன. வெளிச்சம் இரண்டு மடங்கானால் பார்வையும் இரண்டு மடங்கு தொலைவு எட்டும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் தொலைவு கூடக்கூட ஒளி அதன் இருமடி விகிதத்தில் பரந்து மெலிவதால், அதே பரவலுடைய விளக்கில் எட்டும் தொலைவு ஏறத்தாழ 1.4 மடங்காக மட்டுமே உயர்கிறது.

இந்த இரு வகைப் பல்புகளிலும் கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு இழைகள் உள்ளன. லோ பீமுக்கான இழையின் அடியில் நகத்தின் அளவேயான ஓர் உலோகக் கிண்ணம் பொருத்தப்பட்டிருக்கும். அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்துவிடுவதால், மெக்கானிக்குகள் டூம் என்று அழைக்கும் பிரதிபலிப்பானின் மேல்பாதியில் மட்டுமே ஒளி பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கித் தாழ்ந்து திரும்புகிறது. டூமின் வளைவு முழுவதும் இழை இருக்கும் இடத்தை வைத்தே கணக்கிடப்பட்டிருப்பதால், இழை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகினாலும் ஒளியின் ஒழுங்கு குலைந்துவிடும்.

ஹாலஜன் டூமில் எல்இடி பல்பை மாட்டும்போது எழும் சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. இழையின் ஒளி சுற்றுமுற்றும் பரவும். எல்இடி சில்லுகளோ ஒரு தட்டையான பட்டையின் இரு பக்கங்களில் அமர்ந்து பக்கவாட்டில் ஒளி வீசுகின்றன. அந்தச் சில்லுகள் இழை இருந்த அதே இடத்தில் அமையாவிட்டால், குறைந்த மின்சாரத்தில் மிகுந்த ஒளி கிடைத்தாலும், அதன் பெரும்பகுதி வண்டிக்கு அருகிலேயே கொட்டிக்கிடக்கும். மீதி எதிரே வருபவரின் கண்ணில் பாயும். அருகில் விழும் மிகையான வெளிச்சம் கண்ணை அதற்கே பழக்கிவிடுவதால், தொலைவில் உள்ளவை முன்பைவிட மங்கலாகவே தெரியும். ஆகவே, எல்இடியை விரும்புவோர் பல்பை மட்டும் மாற்றுவதைவிட, எல்இடிக்கென்றே வடிவமைக்கப்பட்டு அங்கீகாரம் பெற்ற முழு விளக்கையும் மாற்றுவதே முறை.

பல்பை மாற்றுவதற்கு முன்பே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், பல்பு ஹோல்டரில் 12 வோல்ட் மட்டுமே காட்டினால், இடைப்பட்ட மின்னழுத்தத்தை மெல்லிய வயர்களும் துருவேறிய இணைப்புகளும் விழுங்குகின்றன என்று பொருள். ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துவிடும். இத்தகைய வண்டிகளில், சுவிட்ச் வழியே சிறு மின்னோட்டத்தை மட்டும் செலுத்தி, பல்புக்குரிய மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரடியாகத் தரும் ரிலேயையும் அதற்குரிய ஃபியூஸையும் பொருத்தினால், பழைய பல்பே புதுப்பொலிவு பெறும். அதைவிடுத்து 60 வாட்டுக்குப் பதில் 100 வாட் பல்பைப் பழைய வயரிங்கிலேயே மாட்டினால், மின்னோட்டம் 5 ஆம்பியரிலிருந்து 8 ஆம்பியருக்கு மேல் உயர்வதோடு, வயரில் பிறக்கும் வெப்பம் இரண்டரை மடங்குக்கும் மேலாகி ஹோல்டரும் சுவிட்சும் உருகும் நிலை ஏற்படலாம். எஞ்சினின் காயிலிலிருந்து நேரடியாக ஏசி மின்சாரம் பெறும் பழைய வண்டிகளில், எஞ்சின் வேகம் தணியும்போது விளக்கும் மங்குவது அந்த அமைப்பின் இயல்பு. அங்கு ரிலே உதவாது, மின்சுற்றையே டிசிக்கு மாற்றியாக வேண்டும்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும், இறுதியில் ஒளியின் உயரத்தைச் சரிபார்த்தாக வேண்டும். சமதளத்தில், சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, ஓட்டுபவர் அமர்ந்த நிலையில் வண்டியை நேராக நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்து விழுமாறு திருகை அமைக்கலாம். பின்னிருக்கையில் ஆள் ஏறினால் வண்டியின் முன்புறம் உயர்ந்து ஒளியும் மேலே போகும் என்பதால், வழக்கமாக இருவர் செல்லும் வண்டியை இருவர் அமர்ந்தே சோதிக்க வேண்டும்.

எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதவாறு முகப்பு விளக்கின் ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை விளக்கும் எரிந்துகொண்டே இருப்பதால், தவறாகப் பொருத்தப்பட்ட விளக்கின் தொல்லைக்கு இப்போது ஓய்வே இல்லை. கூசிய கண் தெளிய மூன்று விநாடி ஆனால், அதற்குள் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எதிர்வண்டி ஐம்பது மீட்டர் தொலைவைக் குருட்டுத்தனமாகக் கடந்திருக்கும். அது மோதக்கூடிய வண்டிகளுள் பிரகாசமான விளக்கைப் பொருத்தியவரின் வண்டியும் ஒன்று. எனவே விளக்கின் கண்ணாடியைத் துடைப்பது, வயரிங்கைச் சீராக்குவது, உயரத்தைத் திருத்துவது ஆகிய மூன்றையும் முடித்த பிறகும் வெளிச்சம் போதாவிட்டால் மட்டுமே விளக்கை மாற்றுவது, செலவைக் குறைப்பதோடு சாலையில் செல்லும் இரு தரப்பினரின் உயிரையும் காக்கும் வழியாகும்.