மூடியை மாட்டு, படம் எடு!

ஓரியன் நெபுலாவின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். ரோஜா நிறத்தில் சிறகு விரித்த வாயுமேகம். விண்கலம்தான் எடுத்திருக்கும் என்று நினைத்திருந்தால், மார்கழி இரவொன்றில் ஜவ்வாது மலைக்கு எங்களோடு வாருங்கள். 3 அங்குல டெலஸ்கோப், பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் ஒரு மவுண்ட், ஒரு பேட்டரி. இவ்வளவுதான் சாமான்!

முதலில் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்க வேண்டும். மவுண்டின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கினால்தான், மணிக்கு 15 பாகை வேகத்தில் நகரும் நட்சத்திரங்களை டெலஸ்கோப் விடாமல் தொடரும். நம் ஊரில் துருவ நட்சத்திரம் 12, 13 பாகை உயரத்தில்தான் இருக்கும். ஒரே ஒரு புளியமரம் போதும் மறைக்க. வடக்கே திறந்த இடம் தேடியே பொழுது சாய்ந்துவிடும். ஆனால் நமக்கு ஒரு வரம் உண்டு. ஓரியன் இங்கே ஏறக்குறைய உச்சிக்கே ஏறி வரும். ஐரோப்பியர்களுக்கு வாய்க்காத பாக்கியம்!

டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் நெபுலா சாம்பல் புகைதான். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது. கேமராவோ 2 நிமிடம் ஒளியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு திரையில் அந்த இளஞ்சிவப்பு வந்து விழும் பாருங்கள், கூட்டமே கத்தும்! நடுவில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் புறஊதா ஒளி பட்டு ஹைட்ரஜன் உமிழும் சிவப்பு அது. கிளம்பிச் சுமார் 1,300 ஆண்டுகள் ஆன ஒளி. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை ராஜசிம்மன் எழுப்பிய காலத்தை ஒட்டிப் புறப்பட்டது, இப்போது நம் கேமராவுக்குள்!

ஒரு படம் போதாது, புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்திருக்கும். நூறு படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் மேகம் அப்படியே நிற்க, இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். குறுக்கே போன செயற்கைக்கோளின் கோடுகூடக் காணாமல் போகும். நடுப்பகுதி வெளுத்துப் போகாமலிருக்கத் தனியாகச் சில 5 விநாடிப் படங்கள்.

எனக்கு மிகப் பிடித்தது இனிமேல்தான். டெலஸ்கோப்புக்கு மூடியை மாட்டிவிட்டு, அதே குளிரில், அதே 2 நிமிடம் வெறும் இருட்டைப் படம் எடுப்போம்! சென்சார் தானாக உண்டாக்கும் பொய்ப் புள்ளிகள் அதில் பதியும். அவற்றை அசல் படத்திலிருந்து கழித்துவிடலாம். விடிந்ததும் டெலஸ்கோப் வாயில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி வானத்தை நோக்கி இன்னொரு சுற்று. லென்ஸ் தூசியின் நிழலும் ஓரத்து மங்கலும் அதனால் ஒழியும்.

உலகில் முதன்முதலாக ஒரு நெபுலாவைப் படம் பிடித்த ஹென்றி டிரேப்பர் மருத்துவம் படித்தவர். 1880 செப்டம்பர் 30, இதே ஓரியன் நெபுலா, 11 அங்குல டெலஸ்கோப், 51 நிமிட எக்ஸ்போஷர். அவர் காலத்துத் தகடுகளில் நிறமே கிடையாது!

எங்கள் அடுத்த குறி, ஓரியனின் இடைவாரை ஒட்டியிருக்கும் குதிரைத்தலை நெபுலா. ஹைட்ரஜன் சிவப்பைப் பின்னணியாகக் கொண்ட கரும் தூசு அது. சாதாரண கேமராவுக்குள் இருக்கும் வடிகட்டி அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கேமராவைப் பிரித்து அதைக் கழற்றியாகிவிட்டது!